கொழும்பில் வீடு மாறுதல்: நகருக்குள் இருப்பதா, புறநகருக்குப் போவதா?

கொட்டாஞ்சேனை, ஹெந்தளை, வெள்ளவத்தை, இப்போது தெஹிவளை. பதினெட்டு வருடங்களில் நான் குடியிருந்த இடங்கள் இவை. இடையில் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஹட்டனிலிருந்தும் வந்த உறவினர்களுக்கும், கூட வேலை செய்பவர்களுக்கும் வீடு தேடி ஒழுங்கை ஒழுங்கையாக நடந்திருக்கிறேன்.

அநேகமானவர்கள் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் ஒரு வீட்டைப் பார்த்து மனதைக் கொடுத்துவிடுவார்கள். பாடசாலை, பஸ், அம்மாவின் மருந்து, வெள்ளம் எல்லாவற்றையும் அதற்குப் பிறகுதான் யோசிப்பார்கள். அப்போது அந்த வீட்டுக்குச் சாதகமாகத்தான் யோசனை ஓடும். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். வீடு பார்ப்பது எட்டாவது படியில்தான் வருகிறது.

நகரம் என்று நான் சொல்வது கொழும்பு 1 முதல் 15 வரையான பகுதியை. புறநகர் என்பது வத்தளை, களனி, கொலன்னாவை, ராஜகிரிய, நுகேகொடை, மஹரகம, தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை போன்றவை. வெள்ளவத்தை முடிந்து தெஹிவளை தொடங்குவது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மாநகர சபையும் பிரதேச செயலகமும் மாறிவிடும். முகத்துவாரத்திலிருந்து களனி ஆற்றைத் தாண்டி ஹெந்தளைக்குப் போனால் மாவட்டமே கம்பஹா ஆகிவிடும். பத்திர வேலைகளில் இந்த எல்லைகள் பின்னால் பேசும்.

1. தேடத் தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது இரண்டரை மாதம் அவகாசம் வையுங்கள். இரண்டு வாரத்தில் வீடு வேண்டும் என்று போகிறவர் தரகர் காட்டும் மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் திரும்புவார்.

இப்போதைய வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, எத்தனை மாதம் முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்று பாருங்கள். பழைய முற்பணம் திரும்பி வருமுன் புது வீட்டுக்கு முற்பணம் கட்ட வேண்டி வரும். அந்த இடைவெளிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

கடந்த மூன்று மாத மின்சார, தண்ணீர்ப் பட்டியல்கள், எல்லாருடைய அடையாள அட்டைப் பிரதிகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், உங்கள் பெயர் உள்ள வாக்காளர் இடாப்பின் பிரதி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். கடைசியாகச் சொன்னது எதற்கு என்று மூன்றாம் படியில் விளங்கும்.

2. ஆட்களைத் தாளில் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரையும் எழுதுங்கள். அவர் வாரத்தில் எங்கெல்லாம் போகிறார், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை, தனியாகப் போகக்கூடியவரா என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறியுங்கள். வேலை, பாடசாலை, டியூஷன், கோயில், கிளினிக், சந்தை, தங்கை வீடு, எதையும் விடாதீர்கள்.

இப்போது அந்தத் தாளில் தனியாகப் போக முடியாதவரின் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். நகரமா புறநகரா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் அவர்தான். சம்பளம் கொண்டுவருகிறவரின் வசதியைப் பார்த்தே பெரும்பாலான குடும்பங்கள் இடம் தேர்கின்றன. ஆனால் அவர் எப்படியும் போய் வந்துவிடுவார். பஸ் ஏறத் தயங்கும் அம்மா, சாலை கடக்கத் தெரியாத பிள்ளை, ஆறு மாதக் குழந்தையோடு நாள் முழுக்க வீட்டில் இருக்கும் மனைவி, இவர்களுடைய நாள்தான் இடத்தைப் பொறுத்து மாறும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கொட்டாஞ்சேனையிலிருந்து ஹெந்தளைக்கு மாறியபோது வாடகை குறைந்தது, முற்றமும் மாமரமும் கிடைத்தன. எல்லாருக்கும் சந்தோஷம். கொட்டாஞ்சேனையில் அம்மா தினமும் தானாக நடந்து கோயிலுக்குப் போவார், வழியில் கீரை வாங்குவார், நாலு பேரோடு கதைத்துவிட்டு வருவார். புது வீட்டில் எதற்கும் ஓட்டோ வேண்டும். ஓட்டோவை அழைக்க என்னைக் கேட்க வேண்டும். அவர் கேட்கவில்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கப் பழகிக்கொண்டார். அவர் எவ்வளவு ஒடுங்கிப்போனார் என்பது எனக்கு விளங்க ஒன்றரை வருடம் ஆனது. பிறகு வெள்ளவத்தையில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். முற்றம் இல்லை. அம்மா மறுபடி தானாகக் கடைக்குப் போனார்.

இதனால் எல்லாரும் நகருக்குள்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவரவில்லை. உங்கள் தாளில் வட்டம் விழுந்த பெயர் ஓடி விளையாட இடம் தேடும் ஏழு வயதுப் பிள்ளையாக இருந்தால் விடை நேரெதிராக வரலாம்.

3. பாடசாலையை அடுத்ததாக முடிவு செய்யுங்கள்

முதலாம் தரத்தில் சேர்க்க வேண்டிய பிள்ளை வீட்டில் இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்பு இதைத் தீர்க்க வேண்டும். பிந்தினால் சரிசெய்ய முடியாத ஒரே விஷயம் இதுதான்.

அரச பாடசாலைகளில் முதலாம் தரத்துக்கான இடங்களில் பெரும்பங்கு அருகில் வசிப்பவர்களின் பிள்ளைகளுக்கு. அடுத்து பழைய மாணவர்களின் பிள்ளைகள், ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளைகளின் சகோதரர்கள் என்று பிரிவுகள் உண்டு. அருகில் வசிப்பதை வெறும் வாயால் நிரூபிக்க முடியாது. கடந்த ஐந்து வருட வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர், காணி உறுதி அல்லது பதிவு செய்த குத்தகைப் பத்திரம், அந்த முகவரிக்கு வந்த பட்டியல்கள் எல்லாவற்றுக்கும் புள்ளி இருக்கிறது. வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையில் அதைவிடக் கிட்டிய பாடசாலைகள் இருந்தால் புள்ளி குறையும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன. விண்ணப்பிக்கும் வருடத்தில் பாடசாலைக்குப் பக்கத்தில் அதிக வாடகைக்கு வீடு எடுப்பதால் பெரிய பயன் இல்லை. ஐந்து வருடக் கணக்கில் அது ஒரு வருடம்தான். அதேபோல, நாலு வருடமாகப் பம்பலப்பிட்டியில் பதிவோடு இருந்துவிட்டு, விண்ணப்பத்துக்கு முந்திய வருடம் மலிவான வாடகைக்காக வத்தளைக்குப் போனால், சேர்த்து வைத்த நாலு வருடமும் கைநழுவிவிடும். இந்த இரண்டாவது தவறை என் கண்முன்னே மூன்று குடும்பங்கள் செய்தன. இந்தப் புள்ளி விதிகளைச் சொல்லும் அமைச்சின் சுற்றறிக்கை வருடத்துக்கு வருடம் திருத்தப்படுவதால், உங்கள் வருடத்துக்கான சுற்றறிக்கையைக் கல்வி அமைச்சின் தளத்தில் எடுத்து வரிவரியாக வாசியுங்கள்.

தமிழ் மொழி மூலம் படிக்க வைப்பவர்களுக்கு நகருக்குள் தெரிவு அதிகம். பம்பலப்பிட்டியில் இந்துக் கல்லூரியும் இராமநாதன் இந்து மகளிர் கல்லூரியும், வெள்ளவத்தையில் சைவ மங்கையர் வித்தியாலயமும், கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் விவேகானந்தாக் கல்லூரியும் உண்டு. றோயல் கல்லூரியிலும் டி. எஸ். சேனாநாயக்கக் கல்லூரியிலும் தமிழ்ப் பிரிவு இருக்கிறது. தெற்கே போனால் இரத்மலானை இந்துக் கல்லூரி. நுகேகொடை, மஹரகம, மாலபே பக்கம் போகும்போது தமிழ் வகுப்புள்ள பாடசாலை எவ்வளவு தூரத்தில் என்பதை முதல் நாளே தேடுங்கள்.

பிள்ளை ஏற்கெனவே சேர்ந்துவிட்டால் இந்தக் கட்டு தளர்ந்துவிடும். அப்புறம் கேள்வி பாடசாலை வான் மட்டும்தான். வான் எத்தனை மணிக்கு வாசலில் நிற்கும் என்று கேளுங்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளையைத்தான் முதலில் ஏற்றுவார்கள், கடைசியாக இறக்குவார்கள். காலை 5.30க்கு வீட்டை விட்டுக் கிளம்பும் ஆறு வயதுப் பிள்ளை பகலில் வகுப்பில் தூங்கும்.

4. பயணத்தை உங்கள் உடம்பாலேயே சோதியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போய், "அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டோமே" என்று திரும்புவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. ஞாயிறு காலை கொழும்பு வேறு ஊர். திங்கட்கிழமை காலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் பாடசாலை வான்களும் அலுவலகக் கார்களும் ஒன்றாக இறங்கும்போதுதான் அந்த வழியின் உண்மை முகம் தெரியும்.

நீங்கள் யோசிக்கும் பகுதிக்குத் திங்கள் காலை 6.30க்குப் போய் நில்லுங்கள். அங்கிருந்து வேலைக்கு வாருங்கள். வெள்ளி மாலை வேலையிலிருந்து நேராக அங்கே போங்கள். முடிந்தால் ஒரு மழை நாளிலும் செய்யுங்கள். சந்தியில் கடிகாரத்தைத் தொடங்காமல், வீடு இருக்கக்கூடிய ஒழுங்கையின் உள்ளிருந்து தொடங்குங்கள். பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கும் பன்னிரண்டு நிமிடமும், நிரம்பிய பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததுக்குக் காத்திருப்பதும் பயணம்தான்.

எந்தப் பாதையில் என்ன எதிர்பார்க்கலாம் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். தெற்கில் கரையோர ரயில் இருக்கிறது. கோட்டையிலிருந்து கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை என்று போகும். காலையில் தொங்கிக்கொண்டு போகும் கூட்டம், ஆனால் காலி வீதி நெரிசல் அதைத் தொடாது. அதே திசையில் பாணந்துறையிலிருந்து 100, மொறட்டுவையிலிருந்து 101 பஸ்கள் விடாமல் ஓடும். வேலை கோட்டையிலோ கொள்ளுப்பிட்டியிலோ என்றால், ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் உள்ள கல்கிசை வீடு, தூரத்தில் கிட்ட இருக்கும் ராஜகிரிய வீட்டைவிட நேரத்தில் கிட்ட இருக்கலாம்.

நுகேகொடை, மஹரகம பக்கம் ஹைலெவல் வீதியில் 138 பஸ். களனிவெளி ரயிலும் அங்கே உண்டு, ஆனால் அது ஒற்றைத் தண்டவாளம், வேகமும் குறைவு. பத்தரமுல்ல, கடுவலைப் பக்கம் கொள்ளுப்பிட்டிக்கு 177. வடக்கிலும் தெற்கிலுமாக வாழ்க்கை பிரிந்திருக்கும் குடும்பத்துக்கு மட்டக்குளியிலிருந்து சொய்சாபுர வரை போகும் 155 உதவும், ஆனால் அது நகரத்தை நெடுக்காகக் கடக்கிற பஸ். அவசரத்துக்கு ஆகாது.

வத்தளையின் விஷயம் தனி. நகரின் நடுவில் ரயில் நிலையம் இல்லை. ஹுணுப்பிட்டிக்குப் போய் ஏற வேண்டும். மற்றபடி எல்லாம் நீர்கொழும்பு வீதியும் களனிப் பாலமும்தான். 2021 நவம்பரில் புதிய பாலம் திறந்த பிறகு ஆற்றைக் கடப்பது இலகுவானது. ஆனால் பாலத்தை இறங்கியதும் வருவது பழைய நகர வீதிகள்தான்.

இரவுப் பயணத்தையும் ஒரு தடவை செய்து பாருங்கள். மகளோ மனைவியோ இரவு 8.30க்கு வேலை முடிந்து வருகிறவராக இருந்தால், பிரதான வீதியிலிருந்து வீடு வரை விளக்கு இருக்கிறதா, கடை திறந்திருக்கிறதா என்று அந்த நேரத்தில் நடந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

5. வாடகையை மட்டும் ஒப்பிடாதீர்கள்

கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம்: நகருக்குள் 95,000 ரூபாய் வாடகை, புறநகரில் அதே அளவு வீடு 60,000. வித்தியாசம் 35,000. பலர் இந்த இடத்தில் கணக்கை மூடிவிடுவார்கள்.

புறநகர்ப் பக்கத்தில் இரண்டு பிள்ளைகளின் வான் கட்டணம், வேலைக்குப் போக்குவரத்தில் கூடும் தொகை, கிளினிக் நாளில் ஓட்டோ, சனிக்கிழமை கோயிலுக்கும் சாமானுக்கும் நகருக்கு வரும் செலவு, பஸ் தவறும் நாட்களில் பிக்மி செயலியில் பிடிக்கும் வாடகை வண்டி எல்லாவற்றையும் எழுதுங்கள். நகரப் பக்கத்தில் தொடர்மாடியின் மாதப் பராமரிப்புக் கட்டணம், வாகனத் தரிப்பிடத்துக்குத் தனியாகக் கேட்டால் அது, துணி காயப்போட இடமில்லாததால் ஆகும் செலவு எல்லாம் வர வேண்டும். இப்படி எழுதிய குடும்பங்களில் வித்தியாசம் பாதிக்குக் கீழே போனதைப் பார்த்திருக்கிறேன். ஒரு குடும்பத்துக்கு அப்படியே நின்றது. வேலை வீட்டிலிருந்தே, பிள்ளைகள் இல்லை. அவர்கள் தயங்காமல் ஹோமாகமவுக்குப் போனார்கள், நன்றாக இருக்கிறார்கள்.

மின்சார மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு மின்கட்டணம் அலகு கூடக் கூட அலகின் விலையும் கூடும் முறையில் அறவிடப்படுகிறது. மேல்மாடியில் வீட்டுக்காரர், கீழே நீங்கள், மீட்டர் ஒன்று என்றால், இரண்டு வீட்டுப் பாவனையும் சேர்ந்து உயர்ந்த விலைக்குள் போய்விடும். "பாதியைத் தாருங்கள்" என்று அவர் கேட்பது நியாயமாகத் தோன்றும். நீங்கள் கட்டுவதோ தனி மீட்டரில் கட்டியிருக்கக்கூடியதைவிட அதிகம். புறநகர் அனெக்ஸ்களில் இது சர்வசாதாரணம். தனி மீட்டர், இல்லாவிட்டால் உப மீட்டராவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

6. இப்போது பகுதியைத் தேருங்கள்

தாளும் பயணமும் கணக்கும் சேர்ந்தால் இரண்டு மூன்று பகுதிகள்தான் மிஞ்சும். மிஞ்சியவற்றை மட்டும் ஆழமாகப் பாருங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி: முதியவர்களுக்கும் ஊரிலிருந்து புதிதாக வருபவர்களுக்கும் இதைவிட இலகுவான இடம் கொழும்பில் இல்லை என்பது என் எண்ணம். மருந்துக் கடை, கோயில், மரக்கறி, தமிழில் கதைக்கும் வைத்தியர் எல்லாம் நடக்கும் தூரத்தில். கொடுக்கும் பணத்துக்குக் கிடைக்கும் இடம் மட்டும் சின்னது.

கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி: அதே நெருக்கமான வாழ்க்கை, புறக்கோட்டை மொத்தக் கடைகள் பக்கத்தில். வீடுகள் பழையவை, ஒழுங்கைகள் ஒடுங்கியவை. தரிப்பிடம் பெரும் பிரச்சினை.

தெஹிவளை, கல்கிசை: நகரத்தின் வசதியில் முக்கால்வாசி, அதற்கு மேல் கொஞ்சம் காற்று. களுபோவிலை வைத்தியசாலை பக்கத்தில். இரண்டுக்கும் நடுவில் தடுமாறுபவர்களை நான் இங்கேதான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

வத்தளை, ஹெந்தளை: தமிழ்க் குடும்பங்கள் நிறைய, வீடுகள் விசாலம். நீர்கொழும்புப் பக்கம் அல்லது விமான நிலையப் பக்கம் வேலை என்றால் மிகப் பொருத்தம். வேலையும் பாடசாலையும் ஆற்றுக்குத் தெற்கே என்றால் நாலாம் படியை இரண்டு தடவை செய்யுங்கள்.

நுகேகொடை, மஹரகம, பத்தரமுல்ல: பெரிய கடைகள், அகலமான வீடுகள், அமைதி. கிராம அலுவலர், பொலிஸ், அயலவர் எல்லாரோடும் பெரும்பாலும் சிங்களத்தில்தான் பேச வேண்டியிருக்கும். வீட்டில் ஒருவருக்காவது அது சரளமாக வருமா, பகலில் அவர் வீட்டில் இருப்பாரா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்பான அயலவர்கள் நிறைய உண்டு, ஆனால் பகல் முழுக்கத் தனியாக இருக்கும் அம்மாவுக்கு மொழி ஒரு மதிலாகிவிடும்.

நோயாளி இருக்கும் வீட்டில், கிளினிக் எந்த வைத்தியசாலையில் என்பதை வைத்தே பகுதியைத் தேரலாம். தேசிய வைத்தியசாலையும் பொரளை சிறுவர் வைத்தியசாலையும் நகருக்குள். வடக்கே ராகமை போதனா வைத்தியசாலை, மஹரகமவில் புற்றுநோய் வைத்தியசாலை.

7. வெள்ளத்தை விசாரியுங்கள்

வீட்டைப் பார்க்குமுன் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அழகான வீட்டைப் பார்த்த பிறகு, "எப்போதாவது ஒருமுறைதானே" என்று நாமே நமக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வோம்.

கொழும்பில் இரண்டு வகை வெள்ளம் உண்டு. ஒன்று, கடும் மழையில் வடிகால் தாங்காமல் வீதியில் தண்ணீர் நிற்பது. சில மணித்தியாலத்தில் வடிந்துவிடும். காலணி நனையும், வாகனம் நிற்கும், அவ்வளவுதான். மற்றது களனி ஆறு பெருகி வருவது. அது மலையில் பெய்த மழை. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதுகூட ஏறும், நாட்கணக்கில் நிற்கும். 2016 மே மாதத்திலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவலை, களனிப் பக்கத்து மக்கள் கட்டிலையும் குளிர்சாதனப் பெட்டியையும் பாடப் புத்தகத்தையும் இழந்தார்கள்.

தரகரிடம் கேட்காதீர்கள். ஒழுங்கை மூலையில் உள்ள பெட்டிக்கடைக்காரரிடம், "2016இல் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். "தண்ணீர் வருமா?" என்று கேட்டால் இல்லை என்பார். எதுவரை என்று கேட்டால் கையால் உயரம் காட்டுவார். மதில்களில் கறைக்கோடு, புதிதாகக் கீழ்ப்பாதிக்கு மட்டும் பூசிய வண்ணம், தரையிலிருந்து உயர்த்தி வைத்த மின் செருகிகள் எல்லாம் பேசும் சாட்சிகள். 2025க்குப் பிறகு வாடகை திடீரென்று குறைந்த வீடு என்றால் இன்னும் கவனமாக விசாரியுங்கள்.

8. ஒழுங்கையும் வீடும்

ஒரே வீட்டை இரண்டு தடவை பாருங்கள்: காலை 7 மணிக்கு ஒருமுறை, இரவு 8 மணிக்கு ஒருமுறை. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாய் திறக்கும் காலையில்தான் தண்ணீரின் உண்மையான அழுத்தம் தெரியும். சத்தமும் வாகன நெரிசலும் இரவில் தெரியும்.

தொடர்மாடியில் லிஃப்ட் வேலை செய்கிறதா, மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டருக்கும் கொடுக்குமா என்று கேளுங்கள். படிக்கட்டு விளக்குக்கு மட்டும் கொடுப்பதையும் ஜெனரேட்டர் வசதி என்றுதான் விளம்பரத்தில் போடுவார்கள். ஏழாம் மாடியில் முழங்கால் வலியுள்ள அப்பா இருந்தால் இந்த ஒரு கேள்வியே போதும், வீட்டை எடுப்பதா விடுவதா என்று சொல்லிவிடும்.

காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள வீடுகளில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். ஜன்னல் கம்பி, கதவுப் பிணைச்சல், குளிரூட்டியின் வெளிப்பெட்டி ஆகியவற்றைத் தொட்டுப் பாருங்கள். ரயில் போகும்போது உள்ளே நின்று கதைத்துப் பாருங்கள். சிலருக்கு ஒரு வாரத்தில் பழகும், கைக்குழந்தைக்குப் பழக நேரம் எடுக்கும்.

புறநகர்த் தனி வீட்டில் மலக்குழி எங்கே, அதை உறிஞ்சி எடுக்கும் கலி பவுசர் கடைசியாக எப்போது வந்தது என்று கேளுங்கள். கிணறு இருந்தால் மலக்குழிக்கும் அதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். கூரைப் பீலியில் தண்ணீர் தேங்குகிறதா, அயல் வளவு காடு பற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். டெங்கு கொழும்பிலும் கம்பஹாவிலும் ஒவ்வொரு மழைக்கும் வருகிறது.

தொலைபேசி சிக்னலை உள்ளறையில் நின்று பாருங்கள். ஃபைபர் இணைப்பு அந்த ஒழுங்கைக்கு வந்திருக்கிறதா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

9. உரிமை, ஒப்பந்தம், பணம்: இந்த வரிசையில்

"இன்னொரு ஆள் பார்க்க வருகிறார், இன்றைக்கே கொஞ்சம் அட்வான்ஸ் போடுங்கள்" என்று தரகர் அவசரப்படுத்துவார். பணம் கடைசி. அவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் பணம் கடைசிதான்.

முதலில் யாருடைய வீடு என்று பாருங்கள். காணி உறுதியின் பிரதி அல்லது சோலைவரிப் பற்றுச்சீட்டு, வீட்டுக்காரரின் அடையாள அட்டை. வெள்ளவத்தையில் பல வீடுகளின் சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், தம்பியோ மச்சானோ வாடகைக்குக் கொடுப்பார். அவரிடம் அற்றோணித் தத்துவம், அதாவது சொந்தக்காரர் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம், இருக்கிறதா என்று கேட்டு, அதில் வாடகைக்குக் கொடுக்கும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசியுங்கள். சொந்தக்காரரோடு ஒருமுறை வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுவதும் நல்லது.

அடுத்து ஒப்பந்தம். இலங்கைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வெறும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது பரவலான வழக்கம், ஆனால் சண்டை வந்தால் அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாது. பாடசாலை அனுமதிக்கும் பதிவு செய்த பத்திரம்தான் உதவும்.

ஒப்பந்தத்தில் நான் தேடும் வரிகள்: முற்பணம் எத்தனை மாதத்துக்குரியது, அது மாத வாடகையில் கழிபடுமா அல்லது கடைசியில் திரும்புமா, வீட்டை விட்டு எத்தனை நாளுக்குள் திரும்பும், எந்தக் காரணத்துக்கு மட்டும் கழிக்கலாம், பெரிய திருத்தவேலை யாருடைய செலவு, வாடகை எப்போது எவ்வளவு கூடும், இரு பக்கமும் எத்தனை மாத அறிவித்தல். என் இரண்டாவது வீட்டில் "வீட்டை நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும்" என்று மட்டும் இருந்தது. வெளியேறும்போது வீட்டுக்காரர் முழு வீட்டுக்கும் வண்ணம் பூசும் செலவைக் கழித்தார். நல்ல நிலை என்றால் என்ன என்று எழுதாததால் எனக்குப் பேச வழி இல்லை. அது எங்களுக்குச் சிறிய தொகை அல்ல.

அதனால் திறப்பு வாங்கும் நாளில் ஒவ்வொரு அறையையும் படம் பிடியுங்கள். சுவர் வெடிப்பு, உடைந்த ஓடு, கறை எல்லாம். மின் மீட்டர், தண்ணீர் மீட்டர் இலக்கத்தையும் எடுங்கள். அதே நாளில் வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள், திகதி தானாகப் பதிவாகும்.

பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். கையில்தான் வேண்டும் என்றால் பற்றுச்சீட்டில் கையெழுத்து வாங்குங்கள். தரகர் கூலி எவ்வளவு, யார் கொடுப்பது என்பதை முதல் வீட்டைப் பார்க்கப் போகுமுன்பே பேசுங்கள்.

10. மாறும் நாளும் அதற்குப் பிறகும்

ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் வீடு மாறத் தயங்குவார்கள். அந்த மாதங்களில் வீடு தேடவும் வாடகை பேசவும் தடை இல்லை. போட்டி குறைவு என்பதால் வீட்டுக்காரர்கள் கொஞ்சம் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். பேசி முடித்து வைத்துவிட்டு, அடுத்த மாதம் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சலாம்.

லொறி பிடிக்குமுன் ஒழுங்கையின் அகலத்தை அளந்து சொல்லுங்கள். தொடர்மாடி என்றால் சாமான் ஏற்ற எந்த நேரம் அனுமதி என்று காவலாளியிடம் கேளுங்கள், பல இடங்களில் ஞாயிறு அனுமதி இல்லை.

வந்த முதல் வாரத்தில் கிராம அலுவலரைப் போய்ப் பாருங்கள். அடுத்த வாக்காளர் இடாப்புத் திருத்தத்தில் உங்கள் பெயர் புது முகவரிக்கு வர வேண்டும், பழைய இடத்தில் வெட்டுப்பட்டுப் புது இடத்தில் சேராமல் போகக்கூடாது. சிறு பிள்ளை இருக்கும் வீட்டில் இதை ஒரு வருடம் தள்ளிப்போட்டால் ஐந்து வருடக் கணக்கில் ஒரு வருடம் போகும். பழைய முகவரிக்கு வந்த பட்டியல்களையும் இடாப்புப் பிரதிகளையும் எறியாமல் வையுங்கள்.

பழைய வீட்டின் திறப்பைக் கொடுக்கும்போது, எந்தத் திகதியில் எத்தனை திறப்பு கொடுத்தீர்கள், மீட்டரில் என்ன இலக்கம் இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரரின் கையெழுத்தை வாங்குங்கள். முற்பணம் கணக்கில் வந்து விழும் வரை அந்தத் தாள் கோப்பிலேயே இருக்கட்டும்.